வெயிலில் செத்தது, நிழலில் உயிர்த்தது

ஜெகதீஸ்வரி எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தது மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருசம், ஆவணி மாதம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அறை கொடுக்கக் கொட்டாஞ்சேனையில் எல்லோரும் பயந்த காலம் அது. நானும் பயந்தேன். ஆனாலும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் ஒரு செவ்வாய் முழுக்க அழுதுவிட்டு வந்து, பொலிஸ் பதிவு ஒழுங்காக இருந்தால் வரலாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கலியாணம் முடிக்கவில்லை. இடம்பெயர்ந்து போன வழியில் தாயை அடக்கம் செய்துவிட்டு, வவுனியாவில் பல நாள் கிடந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவள்.

அவளுடைய சாமான் ஒரு துணிப்பையும் ஒரு பிஸ்கற் ரின்னும்தான். ரின்னுக்குள் பலகாரம் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் முழுக்கப் பழைய பெற்றரி. லொட்ஜில் மற்றவர்கள் எறிந்ததைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள்.

"செத்த பெற்றரிய என்னத்துக்கு பிள்ள தூக்கிட்டு வந்தீங்க?"

"முழுக்கச் சாகேல்லை அக்கா. கொஞ்சம் உயிர் கிடக்கு."

அவள் ஊரில் கரண்ட் இல்லாமல் ஆறு வருசம். பெற்றரியும் தடை. பழைய பெற்றரியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விடுவாளாம். சைக்கிள் ரியூப்பை வெட்டி, எட்டுப் பெற்றரியை ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் நுழைத்து றேடியோவில் கொழுவினால் பத்து நிமிடம் செய்தி வருமாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அயல் முழுக்க அவள் வீட்டு வேலியோடு வந்து நிற்குமாம். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பார்க்க அவளிடம் மெசின் கிடையாது. இரண்டு கம்பியின் நுனியையும் நாக்கில் வைப்பாள். புளித்தால் உயிர். சப்பென்று இருந்தால் செத்தது. அதற்காகவே வேலைக்கு முன் சம்பல் சாப்பிடமாட்டாள்.

வந்த இரண்டாம் மாதம், ஜம்பட்டா வீதிப் பக்கத்து செக் பொயின்ற் ஒன்றில் அவளை மறித்தார்கள். பதிவுத் துண்டு கையில் இருந்தது. ஆனால் அது உண்மையா என்று நிலையத்தைக் கேட்க வேண்டும். கேட்கிற வோக்கி டோக்கி செத்துப் போய்விட்டது. நடந்து போய்க் கேட்டு வரச்சொல்லி ஒருவனை அனுப்பினார்கள். அவன் போன கையோடு சாப்பிடவும் போய்விட்டான். காலை பத்து மணியிலிருந்து பகல் மூன்று மணிவரை தார் றோட்டில் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அழுவாள் என்று பார்த்தேன். ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பெட்டிக்குள்ள ஆறு செல் கிடக்கும் அக்கா. அநேகமா ஒண்டுதான் பழுது. அந்த ஒண்டுக்காக நான் அஞ்சு மணித்தியாலம் நிண்டிருக்கிறன். பெற்றரி செத்தா பொலிஸ்காரனுக்கில்லை, எங்களுக்குத்தான் வெயில்."

அடுத்த கிழமை என் றேடியோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாகப் புறக்கோட்டையில் பலீலின் கடைக்குப் போனோம். பலீல் வயர்லெஸ் செற் திருத்துகிறவர். எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் வோக்கிகளும் அவரிடம்தான் வரும். மேசை முழுக்கக் கறுப்புப் பெற்றரிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன.

"இதெல்லாம் முடிஞ்சது அக்கா" என்றார் பலீல். "புதுசு சிங்கப்பூர்லேந்து வரோணும். நாலு மாசம் செல்லுது. அதுவரைக்கும் அவனுக என்ன செய்ற, விசில் ஊதுறா?"

ஜெகதீஸ்வரி ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். "இதைத் திறந்து பாக்கலாமோ அண்ணை?"

"திறந்தா ஒட்ட ஏலா."

"நான் ஒட்டித் தாறன்."

அப்படித்தான் தொடங்கியது. பத்துப் பழுதான பெட்டியைக் கொடுத்தால் ஏழு நல்ல பெட்டியாகத் திரும்பி வரும். நல்ல செல்லைக் கழற்றி நல்ல செல்லோடு சேர்ப்பாள், ஈயம் வைத்து ஒட்டுவாள், பெட்டியின் அடியில் மருந்துக்கடைப் பிளாஸ்ரரை ஒட்டி அதில் இலக்கம் எழுதுவாள். யார் செய்கிறார்கள் என்று பலீல் பொலிசுக்குச் சொல்லவில்லை. "என்ட கடை டெக்னீசியன்" என்று மட்டும் சொல்லிக்கொள்வார்.

ஒட்டுவதோடு அவள் நிற்கவில்லை. எங்கள் குசினியின் தகரக் கூரையில் பகல் வேளைகளில் பெற்றரிப் பெட்டிகள் கருவாடு காய்கிற மாதிரிக் காய்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பல்ப். பக்கத்தில் என் மணிக்கூடு. பல்ப் அணைகிற நேரத்தைக் கொப்பியில் எழுதுவாள்.

"இதென்ன பிள்ள, கூரைக்கு மேல கண்காட்சியா?"

"இவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ள ஒரு நாள் முழுக்க நிண்டு பிடிக்கிற சக்தியை எப்பிடி அடைக்கிறதெண்டு பெரிய நாடுகளே மண்டையை உடைக்குதாம் அக்கா. பலீல் அண்ணை ஒரு இங்கிலீசுப் புத்தகம் காட்டினவர். துவக்கு, கப்பல் எல்லாம் செய்து முடிச்சிட்டினம், உந்தச் சின்னப் பெட்டிதான் இன்னும் சரிவரேல்லையாம். அவையள் செய்து பாக்கிறது குளிர் தேசத்தில. எங்கட தார் றோட்டு வெயிலில வைச்சு ஆர் பாக்கிறது?"

"யாரு?"

"நான்தான். வேற ஆர்?" என்று சிரித்தாள்.

பொலிசுக்காக ஏன் இவ்வளவு மினக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பெற்றரி ஆற்றை, ஆருக்கு எண்டு கேக்கிறேல்லை அக்கா" என்றாள்.

அந்தக் கொப்பிதான் அவளைக் கொண்டுபோய் மாட்டியது.

அடுத்த வருசம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் காலைப் பூசை முடிந்து கொச்சிக்கடையிலிருந்து வந்தபோது எங்கள் ஒழுங்கையை மறித்து வாகனம் நின்றது. சுற்றிவளைப்பு. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் பின்னறையில் நின்றுவிட்டார்கள். மேசையில் முப்பத்திநாலு செல், சிவப்பும் கறுப்புமாக வயர், பல்ப், ஈயம் ஒட்டும் சூட்டுக்கோல், மணிக்கூடு. இவ்வளவையும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் அறையில் ஒன்றாகக் கண்டால் அந்தக் காலத்தில் யார் என்ன நினைப்பார்கள்? நான் படி ஏறுவதற்குள் அவளை ஏற்றிவிட்டார்கள். வாகனத்தின் பின்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். "பலீல் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ" என்றது மட்டும் கேட்டது.

நான் கோயிலுக்குப் போன சேலையோடேயே நிலையத்துக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டருடைய அறை வாசலில் என்னை நிறுத்தினார்கள். உள்ளே அவள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் சிவந்திருந்தது. மேசையில் அவளுடைய சாமான் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு கொன்ஸ்டபிள் கொப்பியை விரித்து வைத்து எழுத்துக்கூட்டித் தமிழை வாசித்து, சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் தமிழ் வகுப்புக்குப் போனவராம்.

"பொலிஸ் பன்னிரண்டு. மூன்று செத்தது. இரண்டு சாகக் கிடக்கு."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார்.

"பொலிஸ் நாலு. ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம். செத்தது. பொலிஸ் ஒன்பது. இண்டைக்கோ நாளைக்கோ சாகும். மத்தியானத்துக்குப் பிறகு கெதியாய்ச் சாகும்."

"மெருணா, மெருணா", செத்தான் செத்தான் என்று கொன்ஸ்டபிள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, எங்கே பிசகுகிறது என்று எனக்கு விளங்கியது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குச் சிங்களம் விளங்கும். சிங்களத்தில் பெற்றரி சாகாது. 'பஹிணவா' என்பார்கள். இறங்கும். சாகிறது மனிசரும் மிருகமும்தான். எங்கள் தமிழில்தான் பெற்றரிக்கும் உயிர் உண்டு. அவள் எழுதி வைத்தது பெற்றரிக் கணக்கு. அவர் வாசித்தது பொலிஸ்காரர்களின் மரணப் பட்டியல்.

ஜெகதீஸ்வரி தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு, "பெற்றரி சேர், பெற்றரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்களும் மேசையில் கிடந்த பெற்றரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். பெற்றரிதான், தெரிகிறதே, அதனால்தானே பிடித்தோம் என்கிற மாதிரி.

நான் வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன். "சேர், அது உங்கட வோக்கி பெற்றரி. கடையிலேருந்து திருத்த வந்தது."

"எந்தக் கடை?"

பலீலுடைய பெயரைச் சொன்னேன்.

"அவனுடைய டெக்னீசியன் அவனுடைய கடையிலேயே இருக்கிறான் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். நீ யார்? அறை கொடுத்தவளா? இவளுடைய பெயரையும் எழுது." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "இரண்டு மணிக்கு ஜீப் வரும். மேலிடத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் விசாரிக்கட்டும்."

மேலிடத்துக்குப் போனால் என்ன என்று எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழக்கும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் இரண்டு வருசம், மூன்று வருசம். மூன்றாம் வீட்டு மாக்கஸ் போய் அப்போது இருபது மாதம். தாய் இன்னும் மாதத்துக்கு ஒருமுறை உடுப்பு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குப் பலீலின் கடையில் நின்றேன். நான் சொல்லி முடிக்குமுன் அவர் முகம் வெளுத்துவிட்டது. எழும்பிப்போய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"அல்லாவே! நான் என்ன செல்றது அக்கா? பொலிஸ் சாமான யாழ்ப்பாணத்துப் புள்ளக்கிட்ட குடுத்தேன்டு செல்லவா? என்னயும் உள்ள போடுவானுக. எனக்கு மூணு கொமருப் புள்ள ஈக்கிது."

"பலீல், அவளுக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சி."

"எனக்கு ஏலா அக்கா. ஏலா." மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நானும் அசையவில்லை. பிறகு குனிந்தபடி சொன்னார்: "இன்னொரு ஹராமான வேலையும் செஞ்சீக்கிறேன். ஏழாம் நம்பர அவ திருத்தல்ல. 'இது வெயில்ல போயிரும், குடுக்க வேணாம்'ன்டு திருப்பி அனுப்பினா. அவனுக அவசரப்படுத்தினானுக. நான் நல்லதோட சேத்துக் குடுத்துட்டேன். அது இப்ப அங்க பொலிஸ் கேட்ல நிக்கிறவன்ட கையில ஈக்கிது."

"அதையாவது வந்து சொல்லுங்க."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் வந்துவிட்டேன். கோபத்தில் அவரைச் சபிக்க வாய் வந்தது. அந்தோனியாரே என்று அதை விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஏழு ஏழு என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வோல்ட், அம்பியர் ஒன்றும் தெரியாது. ஆனால் ஏழாம் நம்பருக்கு அவள் ஏதாவது எழுதியிருப்பாள் என்று தெரியும். எழுதாமல் ஒன்றையும் விடமாட்டாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது சுவர் மணிக்கூட்டில் ஒன்று நாற்பது. இன்ஸ்பெக்டர் கடிதத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே குழந்தை இயேசுவைத் தாங்கிய அந்தோனியார் படம் ஒன்று இருந்ததை அப்போதுதான் கண்டேன். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்க ஆளாக இருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் வாய் வந்தது.

"சேர், ஒரே ஒரு வரி. ஏழாம் நம்பருக்கு என்ன எழுதியிருக்கு என்று வாசிக்கச் சொல்லுங்க. பிறகு நான் போறேன்."

கொன்ஸ்டபிள் சலிப்போடு கொப்பியின் ஒற்றைகளைத் தட்டினார். விரலை வைத்து வாசித்தார்.

"பொலிஸ் ஏழு. வெயிலில் செத்தது. நிழலில் வைக்க... உயிர்... உயிர்த்தது. மூன்று தரமும் அப்படியே."

அவர் தானே நிறுத்திவிட்டார். மறுபடி வாசித்துப் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "மெரிலா, ஆயெத் நெகிட்டாத?" செத்து, மறுபடி எழும்பியதா?

"மூன்று தரமும் சேர்."

என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. "சேர், செத்து உயிர்த்தவர் ஒருவர்தான். அவரும் பொலிஸ் இல்ல."

கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "கேட் செற்றைக் கொண்டு வா" என்றார்.

கொண்டு வந்தார்கள். அடியைத் திருப்பினால் வெள்ளைப் பிளாஸ்ரர், அதில் அவளுடைய எழுத்தில் ஏழு. நான் மனதுக்குள் ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன். ஆனால் இன்ஸ்பெக்டரின் முகம் இன்னும் இறுகியது.

"அப்படியென்றால் எங்கள் செற்றுக்கெல்லாம் அடையாளம் போட்டு வைத்தது இவள்தானா?"

நான் திகைத்துப் போனேன். நல்லது என்று செய்தது கழுத்துக்குக் கயிறாக வந்து நிற்கிறது. அவருடைய முகத்தைப் பார்த்தே ஜெகதீஸ்வரிக்கும் அது விளங்கியது. அவள் முதன்முறையாக என்னைப் பார்த்துத் தமிழில் தெளிவாகச் சொன்னாள்.

"அக்கா, அவருக்குச் சொல்லுங்கோ. உள்ளுக்க ஒரு தகடு மூட்டு விட்டிருக்கு. சூடு ஏறினா விரிஞ்சு விலகும், ஆறினா திரும்பத் தொடும். என்ரை பல்ப்பைக் கொழுவி வெயிலில வைக்கச் சொல்லுங்கோ. அணையேல்லையெண்டா நானே போய் ஜீப்பில ஏறுறன்."

நான் சொன்னேன். பல்ப், வயர் என்றதும் இரண்டு பேர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். மேசையில் கிடந்த அந்த வயரைக் காலையிலிருந்து ஒருவரும் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் கொன்ஸ்டபிளைப் பார்த்தார். கொன்ஸ்டபிள் நிலத்தைப் பார்த்தார்.

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"வெடித்தால்?"

"அது உங்கட பெற்றரிதானே சேர்."

அவள் சொல்லச் சொல்ல, சிவப்பு வயரைப் பெற்றரியின் ஒரு தகரப் பொட்டிலும் கறுப்பை மற்றப் பொட்டிலும் வைத்தேன். அறைக்குள் இருந்த எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பல்ப் எரிந்தது. சின்ன மஞ்சள் வெளிச்சம். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். பல்ப் கண் சிமிட்டவில்லை.

"இது நல்லாகத்தானே இருக்கிறது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெயிலில சேர். வெயிலில என்றுதானே எழுதியிருக்கு."

அவர் யோசித்தார். அவளை வெளியே கொண்டுபோக இது ஒரு தந்திரமோ என்று நினைத்திருப்பார். அவளை அறைக் கதவருகே ஒருவனோடு நிறுத்திவிட்டு, என்னை மட்டும் முற்றத்துக்கு நடக்கச் சொன்னார். பின்னால் துவக்கோடு ஒருவன். நான் இரண்டு வயரையும் விரலால் அழுத்திக்கொண்டு, எண்ணெய் தளும்பும் விளக்கைக் கொண்டுபோகிறவள் மாதிரி நடந்தேன்.

முற்றத்தின் நடுவில் நின்றேன். அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து ஒரு முகில் வந்து சூரியனை மூடியது.

அதுவரை நான் பயந்தது பயமே இல்லை. காலை முழுக்கக் கொழுத்திய வெயில் எங்கே போனது? செபமாலை சொல்லத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை, துக்கத் தேவ இரகசியம். கை இரண்டும் வயரில், மணி உருட்ட வழியில்லை. மனதுக்குள் எண்ணினேன். ஏழா எட்டா என்று தவறியது, திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு விளக்கு அணைய வேண்டும் என்று என் வாழ்நாளில் நான் மன்றாடியது அந்த ஒருமுறைதான்.

கேட்டைத் திறந்தார்கள். ஜீப் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தான். யாரை ஏற்றுவது என்று கேட்டான். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவடியில் ஜெகதீஸ்வரியை அவர்கள் ஒரு அடி முன்னுக்குத் தள்ளினார்கள்.

"அக்கா!" என்று அவள் கத்தினாள். "ஜீப்! ஜீப்பின்ரை பொனற்!"

எனக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. பிறகு பெற்றரியைக் கொண்டுபோய் ஜீப்பின் முன்மூடியில் வைத்தேன். தோசைக்கல் சூடு. விரல் பொசுங்கியது. எடுக்கவில்லை. வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' என்று வாய்விட்டே சொன்னேன். யார் பார்த்தால் என்ன! மூன்றாம் இரகசியத்தில் நாலாம் மணியோ ஐந்தாம் மணியோ தெரியாது. பல்ப் ஒருமுறை துடித்தது. சிவந்தது. அணைந்தது.

பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் படித்த கொன்ஸ்டபிள் தன்னையறியாமல் கத்தினார்:

"சேர், மெருணா!"

கத்திய பிறகுதான் தான் சொன்ன சொல் அவருக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"நிழலுக்குக் கொண்டு வா" என்றார்.

தண்ணீர்க் குழாயடியில் ஈரச் சீமெந்தில் பெற்றரியை வைத்தேன். ஜெகதீஸ்வரியையும் அங்கே வர விட்டார்கள். அவள் குந்தியிருந்து குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற மாதிரி அதை ஊதினாள். எல்லோரும் வட்டமாக நின்றோம். சற்றுமுன் சுவரோடு ஒட்டியவர்கள்கூட வந்து குனிந்து பார்த்தார்கள். அந்த நேரம் கேட்டடியில் யாரோ காவல்காரனோடு வாக்குவாதப்படுகிற சத்தம் கேட்டது. தலையில் தொப்பி, லுஹர் என்ற மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டு வந்த முகம். பலீல்.

"நான்தான் சேர் குடுத்த" என்று தூரத்திலிருந்தே சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். "எல்லாப் பெற்றரியும் இந்தப் புள்ளக்கிட்ட குடுத்தது நான்தான். ஏழ குடுக்க வேணாம்ன்டு அவ சென்னா. நான் கேக்கல்ல."

அவர் சொல்லி முடிக்கவும் பல்ப் மினுங்கியது. ஒருமுறை மங்கி, பிறகு நின்று எரிந்தது.

இன்ஸ்பெக்டர்தான் மெல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி, "நெகிட்டா" என்றார். எழும்பிவிட்டது.

ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை. வாக்குமூலம் எழுதி முடிய நாலரை ஆனது. பலீலுக்கு நல்ல ஏச்சு. செக் பொயின்றில் பொலிஸ் பிள்ளைகள் செத்த செற்றோடு நின்று, அந்த நேரம் ஒன்று நடந்திருந்தால் அந்தப் பாவம் யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பலீல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மட்டும் இன்னும் கொஞ்சநேரம் இருக்க வேண்டும் என்றார்கள். ஜெகதீஸ்வரி அவருக்குப் பக்கத்தில் போய், "அண்ணை, ஏழாம் நம்பரை நாளைக்கு அனுப்புங்கோ. அந்தத் தகட்டு மூட்டை மாத்தித் தாறன்" என்றாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கொப்பியை அவளிடம் நீட்டினார். நீட்டிவிட்டு உடனே விடவில்லை.

"இனிமேல் செத்தது என்று எழுதாதே. இறங்கியது என்று எழுது."

நான் தமிழில் சொல்ல, "சரி சேர்" என்றாள்.

கேட்டைத் தாண்டி இருபது அடி நடந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மதிலோடு சாய்ந்து நின்று அழுதாள். நான் என் பொசுங்கிய விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, "இறங்கிறதெண்டா பஸ்ஸால எல்லோ இறங்கிறது அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டுக்கு வரும் வழியில் ஜம்பட்டா வீதிச் சந்தியில் மறுபடி மறித்தார்கள். முன்பு அவள் ஐந்து மணித்தியாலம் நின்ற அதே இடம். பொலிஸ்காரன் பதிவுத் துண்டை வாங்கிப் பார்த்தான். வோக்கியை வாயருகே கொண்டுபோய்ப் பெயரைச் சொன்னான். கரகர என்று சத்தம் வந்தது. பிறகு தெளிவாகப் பதில் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னான்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. கழுத்தை வளைத்து, அவன் இடுப்பில் தொங்கிய செற்றின் அடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள பாக்கிறீங்க? வாங்களே!"

"பன்ரெண்டு" என்றாள். "செத்த செல்லெல்லாம் மாத்தினது. இப்ப அது நல்ல சீவன் அக்கா. சாகாது."